பதினாலாவது ஒன்று

வருகைப் பதிவேட்டைப் படித்துக் கண்கலங்கிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் பகாதான். சினிமாவுக்கு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட்டுக்கு அழுகிறவர்களோடு ஒரே அறையில் குடியிருந்திருக்கிறேன். பகா மட்டும், பத்தொன்பது பேரும் வேலைக்கு வந்துவிட்ட காலைகளில், ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சுவார்.

“இன்னா சார், ஜலதோஷமா?” என்று கேட்டால், “இல்லய்யா. எவ்ளோ அழகா கீது பாரு” என்பார்.

எட்டிப் பார்த்தால், மேலிருந்து கீழாகப் பத்தொன்பது ஒன்றுகள் நிற்கும். அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எங்களுடையது ஒரு ரோலிங் மில். இரும்புக் கட்டியைச் சிவக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டு விட்டு நசுக்கி, கட்டிடத்துக்குப் போடும் கம்பியாக நீட்டுவது தொழில். நீங்கள் இதைப் படிக்கிற வீட்டின் கூரைக்குள் எங்கள் கம்பி ஒன்று படுத்திருக்கலாம். அங்கே ஆகாயத்துக்கே துரு பிடித்திருக்கும். வெள்ளைச் சட்டையில் வேலைக்கு வந்தவன் சாயங்காலம் செங்கல்லாகத் திரும்புவான். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்று, மில்லின் மதில்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, வேண்டாம் என்று திரும்பிவிடும். இரண்டாயிரங்களின் தொடக்கம். நான் அங்கே பர்சனல் டிபார்ட்மென்டில் எழுத்தர். இருபத்தெட்டு வயது. கவிதை எழுதுவேன் என்று மில்லுக்கே தெரிந்திருந்ததால் மரியாதை குறைவு.

பகா, டைம் ஆபீஸ் கிளார்க். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிறு அறை. பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, ஆசிரியர் வேலைக்கு முயன்று, கிடைக்காமல், இருபது வருஷமாக அந்தத் தகரத்தின் கீழ் வெந்துகொண்டிருந்தார். உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

பத்தொன்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். அடுப்பில் வேலை செய்த ஆட்கள் யாரும் கம்பெனி ஆட்கள் இல்லை, கான்ட்ராக்டர் ஆட்கள். ஒரு கான்ட்ராக்டரிடம் இருபது பேர் இருந்தால் சட்டம் எட்டிப் பார்க்கும். லைசென்ஸ் வேண்டும், அதிகாரி வருவார், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பார். அதனால் பத்தொன்பது. பத்தொன்பது பேரும் இருபத்தைந்து பேர் வேலையைச் செய்வார்கள். இருபதாவது ஆள் எங்கள் மில்லில் பிறக்கவே இல்லை.

கம்பெனி சட்டத்துக்குப் பயந்து கண்டுபிடித்த இந்த எண்ணைத்தான் பகா காதலித்துத் தொலைத்தார்.

மற்ற கம்பெனிகளில் வந்தவனுக்கு ‘பி’, வராதவனுக்கு ‘ஏ’ என்று ஆங்கிலத்தில் போடுவார்கள். இவர் வந்தால் ஒன்று, வராவிட்டால் சைபர். நாளைக்குக் கம்ப்யூட்டர் வந்தால் ஏற்ற வசதி என்று மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம், அதில் பெயர் வரிசைப்படி மேலிருந்து கீழாக ஒன்றுகள். அதை அவர் ஒரே எண்ணாகப் படிப்பார். பத்தொன்பது இலக்கமுள்ள எண். படித்துவிட்டு, கட்டத்தின் அடியில் பென்சிலால் பொடியாக ஒரு குறி வைப்பார். எல்லோரும் வந்த நாளில் அந்தக் குறி ‘ப’.

கேட்டது முனிரத்தினம்தான். பெயர்ப் பட்டியலில் பதினாலாவது ஆள். கவரைப்பேட்டைப் பக்கத்துக்காரன், இரண்டு பெண் குழந்தைகள், வாய் மட்டும் ஏழு பேருக்கு உண்டு.

“இன்னா சார் அது, கீழ ‘ப’ன்னு போட்டுக்கினு கீறீங்க? பாஸா?”

“பகா எண்ணு நைனா. எதாலயும் வகுக்க முடியாது. ஒண்ணால வகுக்கலாம், அதாலயே அத வகுக்கலாம். வேற யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“மேனேஜரால கூடயா?”

“அவரு அப்பா வந்தாலும் முடியாது.”

கேட்டில் நின்ற பத்தொன்பது பேரும் ஒரு கணம் நிமிர்ந்தார்கள். அன்றிலிருந்துதான் அவர் பகா சார்.

டீ வருகிற பத்து நிமிஷத்தில் பாடம் நடக்கும். யாரும் கேட்காமலே நடக்கும். “ரெண்டு ஒண்ணு போடு. பதினொண்ணு. ஒடையாது. மூணு ஒண்ணு போடு, நூத்திப்பதினொண்ணு. மூணால போட்டா முப்பத்தேழு. ஒடஞ்சிச்சா? நாலு ஒண்ணு, பதினொண்ணால ஒடையும். அஞ்சு ஒண்ணு பாக்க கெட்டியா இருக்கும், ஆனா நாப்பத்தொண்ணால ஒடையும். ஏழு ஒண்ணு கொஞ்சம் தண்ணி காட்டும், எரநூத்தி முப்பத்தொம்பதுகிட்ட மாட்டிக்கும். அப்படியே பதினெட்டு வரைக்கும் போ. ஒண்ணுகூட நிக்காது. பத்தொம்பது ஒண்ணு போடு... நிக்கும்!”

“இன்னா சார், சாராயம் மாதிரி சொல்றீங்க” என்பான் முனிரத்தினம்.

“இன்னும் கேளு. உங்கள்ள ஒருத்தன் லீவு போட்டுட்டான்னு வெச்சுக்கோ. அந்த எடத்துல சைபரு. மிச்சம் பதினெட்டு ஒண்ணு. கூட்டுனா பதினெட்டு. கூட்டுன தொகை மூணால போச்சுன்னா மொத்த எண்ணும் மூணால போவும். சைபர் எந்த எடத்துல வந்தாலும் சரி. மொத ஆளு வரலைன்னாலும் மூணால ஒடையும், கடைசி ஆளு வரலைன்னாலும் மூணால ஒடையும்.”

“இந்த கோவிந்தன் வரலைன்னாகூடயா?”

“கோவிந்தன் வரலைன்னாலும் அதே மாதிரிதான் ஒடையும்.”

“அவன் வந்தும் தூங்கத்தான சார் போறான்!”

“கணக்குக்கு அது தெரியாதுபா” என்றார் பகா.

கோவிந்தன் அன்று தூங்கவில்லை. அவனைப் பற்றி அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு உயர்வாகப் பேசியதில்லை.

ஆக, ஒருவர் வராத நாளில் அடியில் ‘3’ என்று எழுதுவார். எழுதும்போது, சொந்தத்தில் யாரோ செத்த முகம். இரண்டு பேர் வராவிட்டால் மூன்று உதவாது, வேறு எதையாவது போட்டுத் தேட வேண்டும் என்று கேள்விக்குறி வைப்பார். அந்தக் கேள்விக்குறியை ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோவார். கல்யாணம் ஆகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பத்தொன்பது ஒன்று உடையாது என்பதை ஏதோ பழைய கணக்குப் புத்தகத்தில் படித்திருந்தார். ஆனால் நம்புவது வேறு, வகுத்துப் பார்ப்பது வேறு என்பது அவர் கட்சி. முழுசாகச் சரிபார்க்க நூற்றைந்து கோடி வரையிலும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டுமாம். அதில் ஒரு குறுக்குவழி இருந்தது. இந்த எண்ணை உடைக்கக்கூடிய பகா எண் என்று ஒன்று இருந்தால், அதை முப்பத்தெட்டால் வகுத்தால் மீதி ஒன்று வந்தே தீரும். மற்றதையெல்லாம் தொடவே வேண்டாம். முதலில் நூற்றுத் தொண்ணூற்றொன்று, அப்புறம் இருநூற்று இருபத்தொன்பது, அப்புறம் நானூற்றுப் பத்தொன்பது. இப்படிப் போனால் ஏறக்குறைய முப்பது லட்சம் எண்கள்தான் பாக்கி என்றார், அடுத்த ஸ்டேஷன் தெரிகிறது என்பது போல. ஒரு நாளைக்கு ஒன்று வகுத்தார். எடைமேடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில், பென்சிலால், வாய் முணுமுணுக்க.

“சார், நாளைக்கி ஒண்ணுன்னா எவ்ளோ காலம் ஆவும்?” என்று கேட்டேன்.

“எட்டாயிரம் வருஷம் கொஞ்சம் மேல” என்றார். “லீவு நாள்லயும் போட்டா.”

தினம் காலையில் கேட்டில் இது ஒரு சடங்காகிவிட்டது. “சார், நேத்து ஒடஞ்சிச்சா?” என்று முனிரத்தினம் கத்துவான். “ஒடையல!” என்பார் பகா. பத்தொன்பது பேரும் ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே போவார்கள், அந்த அடுப்பை நோக்கி. ஏதோ ஜெயித்தவர்கள் மாதிரி. என்னத்தை ஜெயித்தார்கள்! உள்ளே பூட்ஸ் கிடையாது, கையுறை கிழிசல், தண்ணீர் டிரம்மில் துரு. ஆனாலும் கத்தினார்கள்.

ஒரு தடவை பட்டியலில் ஆறாவதாக இருந்தவனுக்குக் கல்யாணம். காலை ஏழரை முகூர்த்தம், ஆரம்பாக்கத்தில். பகா மொய்யோடு முன்னால் போய் உட்கார்ந்து, தாலி கட்டியதும் மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார். ஒன்பது மணிக்குப் பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை மில் கேட்டில் வந்து இறங்கினான். உள்ளே போய் ஒரு கம்பியைத் தூக்கி, இரண்டடி நகர்த்தி வைத்துவிட்டு, சந்தனத்தில் துரு ஒட்ட வெளியே வந்தான். பகா ஒன்று போட்டார். வராதவனுக்கு ஒன்று போடுவது ஒரு நிமிஷ வேலை, யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் சொன்னபோது, நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போலப் பார்த்தார்.

“வராதவனுக்கு ஒண்ணு போட்டா அது எண்ணு இல்லய்யா, கிறுக்கல்.”

மேனேஜருக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியும். ஆட்கள் லீவு போடுவது குறைந்ததால் சும்மா இருந்தார். பைத்தியத்தால் லாபம் வருகிறவரை எந்தக் கம்பெனியும் அதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். கத்தினார்கள், போனார்கள், பகா ‘ப’ போட்டார். பத்தரை மணிக்கு, உருளையிலிருந்து வெளிவந்த கம்பி ஒன்று அடுத்த உருளையின் வாய்க்குள் நுழையாமல் விலகி, சிவப்பாக, மேலே எழுந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் அழகு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆகாயத்தில் எழுதுகிற மாதிரி ஒரு சுழி சுழித்து, இறங்கி, இடுக்கியோடு நின்ற முனிரத்தினத்தின் வலது காலைச் சுற்றிக்கொண்டது.

கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிய சூடு ஆறுவதற்குள் மேனேஜர் பகாவைக் கூப்பிட்டார். நான் அடுத்த மேஜையில் இருந்தேன்.

“அவன் இன்னிக்கி வேலைக்கே வரல. வெளிய எங்கியோ அடிபட்டுக்கினு வந்து நம்ம கேட்டாண்ட வுழுந்தான். புரியுதா?”

“வந்தான் சார். நான்தான் ஒண்ணு போட்டேன்.”

“அதத்தான்யா சொல்றேன். அந்த ஒண்ண சைபர் ஆக்கணும். ஒரு கோடு வளைச்சா முடிஞ்சிபோச்சு.”

பகா ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டார். “சைபர் ஆக்குனா மூணால வகுபடும் சார்.”

“வகுபடட்டும்யா! உனக்கின்னா பேஜாரு?”

“அப்புறம் அது வேற எண்ணு சார்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். இவனிடம் பேசுவதில் பயனில்லை, நீயாவது மனுஷனா என்ற பார்வை. நான் மனுஷனாக இருந்தேன், அதாவது தலையைக் குனிந்துகொண்டேன். ரிஜிஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு பகாவை வெளியே அனுப்பினார்கள்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மேனேஜர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மாசத்து ரிஜிஸ்டரை நான் புதிதாக எழுதினேன். “பாத்து அப்படியே எழுது. மத்த மாசத்து ரிஜிஸ்டரோட ஒப்பிட்டா வித்தியாசம் தெரியக் கூடாது. பேனா இருக்குற எடத்துல பேனா, பென்சில் இருக்குற எடத்துல பென்சில். பதினாலாவது ஆளுக்கு அன்னிக்கி மட்டும் சைபரு” என்றார். பகாவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, கட்டம் கட்டமாக, ஒன்று ஒன்றாக எழுதினேன். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் பதிமூன்று ஒன்று, ஒரு சைபர், அப்புறம் ஐந்து ஒன்று. கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. சைபர் மிக அழகாக வந்தது. அடியில் பென்சிலை எடுத்து, அசலில் இருந்தது போலவே ‘ப’ என்று எழுதினேன்.

பழைய ரிஜிஸ்டர் மழையில் நனைந்துபோனதாக அறிவிக்கப்பட்டது. அது பங்குனி மாதம்.

வழக்கு திருவள்ளூரில், தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் வந்தது. முனிரத்தினம் கேட்டது ஒன்றுதான்: அன்றைக்கு அவன் வேலையில் இருந்தான் என்று எழுதித் தர வேண்டும். அது இருந்தால்தான் மற்றது எதுவும் கிடைக்கும். அது இல்லாவிட்டால் அவன் தெருவில் காலைத் தொலைத்துவிட்டு வந்த ஆள். கம்பெனித் தரப்புக்கு மேனேஜரும் நானும் மேனேஜரின் காரில் போனோம். அந்தப் பக்கம் கக்கத்தில் கட்டையோடு முனிரத்தினம், அவன் மனைவி, சாட்சி சொல்ல பகா. பகா அன்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். அதற்கு முன்னால் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போகிறவர் போலிருந்தார்.

“நீங்க அன்னிக்கு வேலைக்கு வரலைன்னு கம்பெனி சொல்றாங்களே?” என்றார் அதிகாரி.

“வராத ஆளுக்கு எப்படி சார் உள்ள கால் போவும்?” என்றான் முனிரத்தினம்.

மேனேஜர் ரிஜிஸ்டரை நீட்டினார். அதிகாரி பார்த்தார். சைபர் இருந்தது. பகா, “நான் ஒரு தடவ பாக்கலாங்களா?” என்று கேட்டு வாங்கினார். தேதிகளில் விரலை நகர்த்திக்கொண்டே போனார். செவ்வாய்க்கிழமையில் விரல் நின்றது. அந்த முகம் விடிந்ததை நான் பார்த்தேன்.

“சார், இது பத்தொம்பது இலக்க எண்ணு. இத மூணால வகுத்துப் பாருங்க.”

அதிகாரி நல்ல மனிதர். கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். “பன்னெண்டு இலக்கத்துக்கு மேல போகமாட்டேங்குதே.”

“கால்குலேட்டர் வேணாம் சார். ஒண்ணுங்கள மட்டும் எண்ணுங்க.”

அதிகாரி எண்ணினார். பதினெட்டு.

“பதினெட்டு மூணால போவுதா? அப்ப மொத்தமும் மூணால போவும். போனா, கீழ நான் மூணுன்னுதான் போடுவேன். இங்க பாருங்க, ஏழாந்தேதி ஒருத்தன் வரல, மூணு. பன்னெண்டாந்தேதி ஒருத்தன் வரல, மூணு. எல்லாரும் வந்த நாளெல்லாம் ‘ப’. இந்தச் செவ்வாக்கெழமை மட்டும் சைபரும் இருக்கு, ‘ப’வும் இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துல இருக்க முடியாது சார். உலகம் அழிஞ்சாலும் முடியாது.”

மேனேஜர் எழுந்தார். “சார், பென்சில்ல கிறுக்குனதெல்லாம் ரெக்கார்டு ஆவாது.”

“நகல் எடுத்தவர் பென்சிலையும் சேத்துல்ல நகல் எடுத்திருக்கார்?” என்ற அதிகாரி, மாசம் முழுக்கக் கட்டம் கட்டமாகச் சரிபார்த்தார். மின்விசிறி கிறீச்சிட்டது. பியூன்கூட விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அத்தனை கட்டத்திலும் ஒரே ஒரு கட்டம்தான் பொய் சொன்னது. அப்புறம் அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் எழுதினீங்களா?”

“ஆமா சார்.”

“மூல ரிஜிஸ்டர்ல இந்த எடத்துல என்ன இருந்துச்சு?”

முனிரத்தினத்தின் மனைவி என்னைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் பயங்கரம். எனக்குச் சொல் வசப்படும் என்று ஊர் சொன்ன காலம் அது. நான் மூன்று சொல் சொன்னேன்.

“ஞாபகம் இல்ல சார்.”

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. முனிரத்தினம் அன்று பணியில் இருந்ததாகவே முடிவு செய்யப்படுகிறது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்து அவனுக்கு ஏதோ கிடைத்தது, ஒரு காலுக்குச் சமமாக இல்லை. இப்போது பொன்னேரி மார்க்கெட்டில் பூண்டு விற்கிறான். வாய் குறையவில்லை.

கம்பெனி பழிவாங்கியது கணக்காகத்தான். பத்தொன்பது பேரைப் பத்து, ஒன்பது என்று இரண்டு கான்ட்ராக்டர்களிடம் பிரித்தார்கள். காலியான பதினாலாவது இடத்துக்கு நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள், அவன் பெயரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. மேனேஜர் டைம் ஆபீஸுக்கே நடந்து போய்ச் சொன்னார்: “வகுக்க முடியாது, வகுக்க முடியாதுன்னியே. பாத்தியா, ரெண்டாக்கிட்டேன்.”

பகா நிதானமாகச் சொன்னார்: “அது வகுத்தல் இல்ல சார். கழித்தல்.”

அந்த வாரமே அவர் வேலை போனது. காரணம், கம்பெனி ஆவணத்தில் பென்சிலால் கிறுக்கியது. அந்த மெமோவை டைப் அடித்தவன் நான். ‘கிறுக்கியது’ என்ற சொல்லை மேனேஜர் சொல்லச் சொல்ல அடித்தேன், எழுத்துப்பிழை இல்லாமல். நான் அங்கே இன்னும் மூன்று வருஷம் இருந்தேன். காலையில் கேட்டில் யாரும் கத்தவில்லை. ஆட்கள் ஓசையில்லாமல் அடுப்புக்குப் போனார்கள். புது கிளார்க் பி, ஏ போட்டான். அப்புறம் மில்லே விலை போனது, இப்போது அந்த இடத்தில் என்னமோ பெட்டிகளை அடுக்கி வைக்கிறார்கள்.

பகாவுக்கு ஓர் எடைமேடையில் வேலை கிடைத்தது. எடை வந்ததும் சீட்டைக் கொடுக்காமல், அது உடைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்குமாம். “அந்தாளு கீற மேடைக்குப் போனா அரை நாள் போவும், ஆனா ஒரு கிலோ தப்பு வராது” என்று ஒரு டிரைவர் சொன்னான். போன மார்கழியில் செத்துப்போனார். மாரடைப்பு. எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் வருஷம் வேலை பாக்கி இருந்தது.

திருவள்ளூரிலிருந்து திரும்பிய சாயங்காலத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் மேனேஜர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். “நீ ட்ரெயின்ல வா” என்றார். ஸ்டேஷனில் அவர்கள் கண்ணில் படாமல் கடைசிப் பெட்டியில் ஏறினேன். பகாவும் அதே கடைசிப் பெட்டியில்தான் இருந்தார். முனிரத்தினத்தையும் அவன் மனைவியையும் முன்னால் ஊனமுற்றோர் பெட்டியில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். மூன்று பேர் உட்கார்ந்திருந்த இருக்கையில் நகர்ந்து, நாலாவதாக எனக்கு இடம் பண்ணினார்.

“வாய்யா, இங்க ஒக்காரு.”

உட்கார்ந்தேன். திருவள்ளூர் கொய்யா ஒரு பை நிறைய வாங்கியிருந்தார். ஒன்றை என் கையில் வைத்தார். வேப்பம்பட்டு தாண்டும்வரை தன் கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் முழங்காலைத் தட்டினார்.

“நான் தப்பா நெனச்சிட்டேன்யா உன்ன. பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். அங்க மேனேஜர் ஒக்காந்துகினு கீறாரு, வாயால சொல்ல முடியாது. அதான் பென்சில்ல சொல்லிட்ட. இல்ல?”

நான் கொய்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் ‘ப’வை நான் வேண்டுமென்று வைக்கவில்லை. அப்படியே எழுது என்றார்கள், அப்படியே எழுதினேன். டீ நேரத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று நூறு தடவை கேட்டவன், எழுதும்போது ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மாட்டுக்குக்கூட அந்தக் கட்டத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். முனிரத்தினத்துக்குக் கிடைத்த நியாயம் என் மண்டையின் மந்தத்திலிருந்து கிடைத்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“கவிஞன்னு சும்மா சொல்லல உன்ன” என்றார் பகா. கண் கலங்கியிருந்தது, ரிஜிஸ்டர் எதுவும் மடியில் இல்லாமலே.

“ஆமா சார்” என்றேன்.

அதிகாரியிடம் சொன்ன பொய்க்கு இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது. பகாவிடம் சொன்ன ‘ஆமா’வுக்குத் தூக்கம் கெடுவதில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறும்வரை, அந்தக் கூட்டத்தில் யாரும் என்னை இடிக்காதபடி அவர் தோளைக் கொடுத்துக்கொண்டே நின்றார்.